பபூனுக்குக் கொடுத்த ஒப்பாரி

என் மாமியார் என்னை 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம். அதற்கு முந்தின ஐந்து வருஷமும் நான் அவருக்குக் 'கண்ணு'. மாமியாரே மரியாதை கொடுத்தால் மருமகளுக்குக் கசக்குமா என்று கேட்கிறவர்கள் ஒரே அடுப்பில் இன்னொருத்தியோடு சமைத்துப் பார்க்காதவர்கள். எங்கள் பக்கத்தில் நெருங்கினவளை 'நீ' என்பார்கள், 'வாடி' என்பார்கள், கோபம் வந்தால் அதற்கு மேலும் சொல்வார்கள். 'வாங்க' என்று சொல்லிவிட்டால் உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரருக்குப் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை. மலை முழுக்க அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள் நான். இங்கேயும் வாத்தியார் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். அவர், அவருடைய அம்மா, நான், ஒரு கறவை மாடு. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் அவ்வளவுதான். மலைமேல் அப்போது மின்சாரம் கிடையாது. கீழே போக வேண்டுமானால் புளி ஏற்ற வரும் லாரியில் கெஞ்சி ஏறிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நடராஜா சர்வீஸ்.

நான் பிறந்தது அடிவாரத்தில், ஆலங்காயத்தில். மூன்று வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். என்னை வளர்த்தது அப்பாவும் பக்கத்து வீடுகளும். ஆக, 'அத்தே' என்று நான் கூப்பிட்ட அந்த மனுஷிதான் எனக்கு முதன்முதலில் தலை பின்னிவிட்டவர், காய்ச்சலில் பக்கத்தில் படுத்தவர், 'சோறு துன்னியா கண்ணு?' என்று தினமும் கேட்டவர். கல்யாணமாகிப் போன பெண்கள் எல்லாரும் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வெட்கமாகக்கூட இருக்கும்.

எங்கள் மூன்று பேருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று இருந்தது: கச்சேரி. பாட்டுக் கச்சேரி, விகடக் கச்சேரி, நாடகம், எது நடந்தாலும் சரி. கோடை லீவு விட்டால் மலையிறங்கி என் அப்பா வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வோம். வாணியம்பாடியில் அப்பாவுக்குத் தெரிந்த தோல் வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அங்கே கவ்வாலிப் பாட்டு வைத்திருந்தார்கள். பெண்களுக்குத் திரை கட்டி இடம் விட்டிருந்தார்கள். அத்தைக்கு உருதுவில் 'பானி' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். ஆனாலும் கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, "புரியுதாம்மா உங்களுக்கு?" என்று கேட்டார். "பாஷ புரியலங்க. ஆனா வவுறு நெறஞ்சிடுச்சி" என்றார் அத்தை. அந்த அம்மா உள்ளே போய் ஒரு தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்து அத்தை மடியில் வைத்துவிட்டார்.

ஆனால் அத்தைக்கு உயிர் விகடம்தான். ஆலங்காயம் சந்தைத் திடலில் வருஷா வருஷம் ஒரு செட்டு வரும். ஆர்மோனியக்காரர், டோலக்குக்காரர், பாடுகிற அம்மா ஒருத்தர், பபூன் ஒருத்தர். பபூன் என்றால் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறவர். அந்தப் பபூனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு அரை நாள் முன்னாலேயே ஊருக்குள் வந்துவிடுவார். டீக்கடையில், சவரக் கடையில் உட்கார்ந்து, 'உங்க ஊர்ல இன்னா விசேஷம்?' என்று வாயைக் கிளறுவார். அதற்கு 'ஊர்ச் சரக்கு' என்று பெயர். ராத்திரி மேடையில் அந்தச் சரக்கு ஆளும் நடையுமாக இறங்கும். மற்ற வேடிக்கைக்குச் சிரிக்கிற ஜனம், ஊர்ச் சரக்குக்கு உருண்டு புரளும்.

ஒரு வருஷம் எடைக்கல்லைக் கையில் உருட்டி உருட்டியே பேசுகிற மளிகைக் கடைக்காரர் ஒருவரைச் செய்து காட்டினார். கடைக்காரர் முன்வரிசையிலேயே இருந்தார். அத்தை சிரித்த சிரிப்பில் என் தொடையைப் பிடித்துக் கிள்ளிவிட்டார். சிரிப்பு அதிகமானால் பக்கத்தில் இருக்கிறவள் தொடையை இறுக்கிப் பிடிப்பது அத்தையின் வழக்கம். கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள் என் தொடையில் நகக்குறி இருக்கும். எத்தனை குறி இருந்தால் அத்தனை நல்ல கச்சேரி.

திரும்பி வரும்போது அத்தை சொன்னார்: "பாவம்டா அந்த ஆளு. வூட்டுக்குப் போய் பொண்டாட்டி மொகத்த எப்டி பாப்பான்?"

"நீ ஒண்ணும்மா. பபூன் வாயில உழறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் வாத்தியார்.

நான் அப்போது வாத்தியார் பக்கம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு கெட்ட வித்தை உண்டு. யாரையாவது இரண்டு தரம் பார்த்தால் போதும், அவர்கள் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தபால்காரர், காட்டிலாகா வாட்சர், மூக்கால் பேசுகிற பள்ளி இன்ஸ்பெக்டர், எல்லாரும் என் சமையலறைக்கு வந்துபோவார்கள். பார்க்கிறவர் வாத்தியார் ஒருத்தர்தான். அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் பரிமாறிக்கொண்டே செய்வேன். பொம்பளை இப்படியெல்லாம் செய்வது வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அது எங்கள் தாழ்ப்பாளுக்குள் நடந்த கச்சேரி. அவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்கும்போது எனக்கு ஒரு ராஜாங்கமே கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பங்குனிக்கு முந்தின மார்கழியில் அத்தையின் தங்கை சந்தவாசலில் இறந்துபோனார். சந்தவாசல் எங்களுக்கு மலையின் அந்தப் பக்கம். சேதி சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் எடுத்து முடித்து இரண்டு நாளாகிவிட்டது. முகம் பார்க்கவும் வழியில்லை, வாய்க்கரிசி போடவும் வழியில்லை. அத்தை எங்கள் வாசலில் தரையில் உட்கார்ந்து, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மலைப் பக்கமாகத் திரும்பி ஒப்பாரி வைத்தார். மலைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சத்தம் கேட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். செத்தவருக்கு அத்தை செய்ய முடிந்த சாவுச் சடங்கு அது ஒன்றுதான்.

*சந்தவாசல் சந்தனமே – நீ*
*சாயங்காலம் வருவேன்னியே*
*பொழுது சாஞ்சு போச்சுதடி – உன்*
*பூமொகத்தக் காணலியே*

அவ்வளவு அழகாகப் பாடி வந்தவர், அதே ராகத்திலிருந்து இறங்காமல், அதே இழுப்பில், உள்ளே திரும்பி, *அடுப்புல பால் வெச்சேனே, எறக்குனியா கண்ணு...* என்று கேட்டார். நான் "எறக்கிட்டேன் அத்தே" என்றதும், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி *சந்தவாசல் சந்தனமே* என்று எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு மனுஷி தங்கைக்கு அழும்போதும் பால் பொங்கிவிடக் கூடாதே என்று பார்க்கிறாளே, அதை நினைத்து.

வாத்தியார் அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. சின்னம்மாவின் கைச்சோறு தின்று வளர்ந்தவர் அவர். மூன்றாம் நாள், தட்டை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவரை என்ன செய்வது என்று தெரியாமல் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். அத்தை மாட்டைக் கட்டப் போயிருந்தார். நான் மெல்ல அத்தையின் ஒப்பாரியை எடுத்தேன். பால் வரைக்கும் வந்தேன். வாத்தியார் முதலில் என்னை முறைத்தார். அப்புறம் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் சோற்றில் கை வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் சொன்னேன்: "இது வெளிய போவக் கூடாதுங்க. அத்தே காதுல விழுந்தா நான் செத்தேன்."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் உச்சந்தலையில் வைத்தார். "உன் தலமேல சத்தியம்மே. இந்த வூட்டத் தாண்டாது."

சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்று சும்மாவா சொன்னார்கள். பொங்கலாவது செரிக்கும்.

பங்குனியில் புளி லாரிகள் வரத் தொடங்கியபோது வாத்தியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூட விழாவுக்கு ஆலங்காயத்துச் செட்டை மலைமேல் கொண்டுவந்தால் என்ன? லாரி காலியாகத்தானே மேலே வருகிறது, அதில் ஏற்றிக்கொண்டு வரலாம். சாயங்காலம் புளி மூட்டைமேல் உட்கார வைத்து அனுப்பிவிடலாம். அதனால் ஆட்டத்தை மத்தியானம் இரண்டு மணிக்கே வைத்தார்கள். மலையில் அதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. அத்தை நாலு நாளாகவே தூங்கவில்லை. தங்கை போன துக்கத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அப்போதுதான். "நம்ப வூட்டு வாசல்லயே கச்சேரி வருதா!" என்று மாட்டிடம்கூடச் சொன்னார்.

செட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் செய்தோம். பபூன் நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். பவுடர் இல்லாத முகம் வாடிப்போயிருந்தது. அதிகம் பேசவில்லை. நான் பரிமாறினேன், அத்தை கொல்லையில் இலை அறுத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவின பிறகு வாத்தியார் அவரைப் பலாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் மரம் தெரியும். வாத்தியார் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். பபூன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு தடவை வாத்தியார் தரையில் குந்தி உட்கார்ந்து, தலைமயிரை அவிழ்ப்பது மாதிரி கையைத் தூக்கினார்.

அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்ஸ்பெக்டரைச் செய்து காட்டுகிறார் என்று நினைத்தேன். எந்த இன்ஸ்பெக்டர் தலைமயிரை அவிழ்ப்பார்? நம்பிக்கை வந்துவிட்டால் கண்ணும் குருடுதான்.

பள்ளிக்கூட வாசல் நிறைந்துவிட்டது. தூரத்துக் குடிசைகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பேட்டரியில் ஓடுகிற மைக்செட் ஒன்று, அவ்வப்போது இருமிக்கொண்டு வேலை செய்தது. அத்தையும் நானும் பெண்கள் பக்கம் முன்னால், பாயில். பாடுகிற அம்மா இரண்டு பாட்டுப் பாடினார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். பிறகு பபூன் வந்தார். இப்போது முகத்தில் பவுடர், மூக்கில் சிவப்பு. முதலில் லாரியில் மலையேறின கதை. பிறகு மாங்காயைத் தின்றுவிட்டுக் கணக்குப் போடுகிற பள்ளிப் பிள்ளை. அத்தையின் கை என் தொடைக்கு வந்துவிட்டது. நகம் பதிந்தது.

பிறகு பபூன் மேல்துண்டை எடுத்து முந்தானையாகப் போட்டுக்கொண்டார். தரையில் குந்தினார். தலையைச் சிலுப்பினார்.

"சந்தவாசல் சந்தனமே..."

ஊர்ச் சரக்கு கேட்கிறவர் ஊரை மாற்றிச் சொல்வார், ஆளை மறைத்துச் சொல்வார். அந்த நாகரிகம் அந்தப் பபூனுக்கு உண்டு, மளிகைக்காரரைக்கூட 'பக்கத்து ஊர்ல ஒருத்தன்' என்றுதான் செய்தார். ஆனால் இது ஒப்பாரிப் பாட்டில் வரும் வெறும் அடுக்கு என்று நினைத்துவிட்டார் போல. செத்தவளின் ஊர் அது என்று வாத்தியார் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் போதும். மலைக்காரப் பெண்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். மார்கழியில் எங்கள் வாசலில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

பபூன் பால் வரைக்கும் வந்தார். *எறக்குனியா கண்ணு* என்று ராகம் போட்டு இழுத்தார். அந்த இழுப்பு அத்தையுடையது இல்லை. அத்தையிடம் கடைசியில் அப்படி ஒரு சுழி கிடையாது. அது நான் அடுக்களையில் சிரிப்புக்காகச் சேர்த்தது. என் சுழி, வாத்தியார் வாய்க்குப் போய், பபூன் வாய்க்குப் போய், மைக்செட் வழியாக மலை முழுக்கக் கேட்டது. கூட்டம் புரண்டு சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குள் ஏதோ ஒன்று பெருமைப்பட்டது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த நொடி அத்தையின் கை என் தொடையைவிட்டு எழுந்தது.

ஆலங்காயத்தில் மாதிரி இருட்டில் நடந்திருந்தால் முகத்தைப் பார்க்காமல் தப்பித்திருப்பேன். இது பட்டப்பகல், பங்குனி வெயில். அத்தை அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடியே இருந்தார், கவ்வாலி கேட்ட அன்று இருந்த மாதிரி, பாஷை புரியாதவர் மாதிரி.

கடைசியில் பபூன் வாத்தியாரைக் கூப்பிட்டு, "எல்லாம் உங்க வாத்தியாரு கைங்கரியம்" என்று சொல்லித் துண்டு போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். வாத்தியார் கும்பிட்டார். லாரியில் ஏறும் முன்பு சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல பபூன் என்னிடம் வந்தார். "உங்க வூட்டுக்காரருக்கு என்னா வித்தைம்மா! அந்த ஒப்பாரிய அவரே கட்டினாராமே? எங்க செட்டுக்கு வந்துட்டார்னா நான் வூட்டுக்குப் போய்ட்றேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தோம். வாத்தியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே கேட்டார்.

"ஏன்டா, உங்க சின்னம்மா செத்தது உனுக்கு சிரிப்பா இருக்குதா?"

வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்துவிட்டார். முப்பது வயது ஆள், நாற்பது பிள்ளைகளைப் பிரம்பால் ஆள்கிறவர், அம்மாவுக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பையனாகிவிட்டார். எனக்கு அப்போதுகூட நம்பிக்கை இருந்தது. 'தப்பு பண்ணிட்டேம்மா' என்பார். அத்தை நாலு வார்த்தை திட்டுவார். பெற்ற பிள்ளையை எத்தனை நாள் வெறுப்பார்கள்? ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

"நான் இன்னாம்மா கண்டேன்?" என்றார் வாத்தியார். "நீ ஒப்பாரி வெச்ச அன்னிக்கி நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்? இவதான் எப்பப் பாத்தாலும் உன்ன மாதிரி செஞ்சி காட்டுவா. சோறு போடும்போது அந்தாளுகிட்டயும் இவதான் செஞ்சி காட்டினா. நான் வேணாம் வேணாம்னேன்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "நெசமா கண்ணு?"

முழுப் பொய் என்றால் முழுதாக மறுக்கலாம். அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம். பள்ளிக்கூடத்தில் இருந்தார், நிஜம். நான் செய்து காட்டினேன், நிஜம். பபூனிடம் என்ற ஒரே ஒரு இடத்தில்தான் பொய்யை வைத்தார். பாலில் ஒரு சொட்டு மோர் போதாதா? "அந்த பபூனுகிட்ட நான் செய்யல அத்தே" என்றேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது.

"அப்ப யாருகிட்ட செஞ்ச?"

அவரே சொல்லட்டும் என்று நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நுனியோடு நுனி சேர்த்து, பிறகு மறுபடி நுனியோடு நுனி சேர்த்து. என் தலைமேல் வைத்த கைதான் அது. கைதட்டலை அவர் வாங்கிக்கொண்டு, பழியை என் தலைமேல் இறக்கி வைத்துவிட்டார்.

அத்தை விளக்கேற்றப் போய்விட்டார். சாப்பிடும் நேரம் வந்தபோது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

வாத்தியாரிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் நின்றேன். ஆனால் பெற்ற பிள்ளையை யார் 'ங்க' போட்டுப் பேசுவார்கள்? "உங்களத்தாங்க" என்றார் அத்தை. நான் தண்ணீர் வைத்தேன். சண்டையில்லை, சாடை இல்லை, ஒரு வேலையையும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து 'வெறகு எடுத்துட்டு வாங்க', 'துன்னுட்டீங்களா', 'படுத்துக்கோங்க'. ஊர்க்காரர்கள், "மருமவளுக்கு இன்னா மரியாத பாரு" என்று மெச்சினார்கள். ஒவ்வொரு 'ங்க'வும் எனக்கு ஒரு அறை.

தனியாக இருக்கும்போதெல்லாம் வாத்தியாரிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு வார்த்த. நான்தாம்மா சொன்னேன்னு சொல்லுங்க. உங்கள அவங்க இன்னா பண்ணப் போறாங்க?"

"ஆறிப்போன புண்ண ஏன்மே நோண்டுற? அம்மா இப்ப உங்கிட்ட மரியாதயாதான இருக்குது?"

நிஜமாகவே அவருக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா, தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஒன்றுதான். அவர் கெட்டவர் இல்லை; குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனால் அவரைப் பற்றி வெளியே சொல்லவும் எனக்கு ஒன்றும் இல்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார் என்று சொன்னால், கழுத்து இருக்கிறதே என்பார்கள்.

கச்சேரிக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. அதுதான் கொடுமை. ஆலங்காயத்துக்கு அதே மாதிரி இறங்கினோம், அதே திடலில் உட்கார்ந்தோம். அத்தை சிரிக்கத்தான் செய்தார். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டார். மறுநாள் குளிக்கும்போது என் தொடையைப் பார்ப்பேன். ஒரு குறியும் இருக்காது.

வீட்டில் நான் யாரையும் செய்து காட்டவில்லை. வாத்தியார் சில நாள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அந்த இன்ஸ்பெக்டர ஒருதடவ செஞ்சி காட்டேன்" என்பார். "மறந்துடுச்சிங்க" என்பேன். அவருக்கு நான் 'ங்க' போடுவது கல்யாண நாளிலிருந்து பழக்கம்தான். ஆனால் அதன்பிறகு போட்டது அத்தையிடம் கற்றுக்கொண்ட 'ங்க'. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கீழே கொண்டுபோகிற நிலைமையில் இல்லை. ஜீப்பில் வந்து பார்த்த டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியார் கால்மாட்டில் இருந்தார். பொழுது இறங்கும் நேரம். அத்தை கண்ணைத் திறக்காமல் மெல்லக் கேட்டார்:

"பால எறக்குனியா கண்ணு?"

அடுப்பில் பால் இல்லை. மாடு வற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. "எறக்கிட்டேன் அத்தே" என்றேன். மன்னித்துச் சொன்னாரா, மறந்து சொன்னாரா? காய்ச்சலில் அவர் மார்கழிக்குப் போயிருக்கலாம், எல்லாவற்றுக்கும் முன்னால் போயிருக்கலாம். மறந்ததால் கிடைத்த 'கண்ணு' எனக்குப் போதவில்லை. நான் வாத்தியாரைப் பார்த்து, "இப்பவாவது சொல்லுங்க" என்றேன். "காது கேக்குது அவங்களுக்கு. சொல்லுங்க."

வாத்தியார் அம்மாவின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்த நேரத்துல எதுக்குமே" என்றார்.

மறுநாள் காலையில் அத்தை போய்விட்டார். குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி வாசலில் கிடத்தினார்கள். மருமகள்தான் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும். மலைக்காரப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்குத் தனியாக ஒப்பாரி தெரியாது. அம்மா இல்லாமல் வளர்ந்தவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? தலையை அவிழ்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன். நாலு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த குரல் வந்தது. என்னுடையது இல்லை, அத்தையுடையது. சுழி இல்லாமல், சிரிப்புக்காகச் சேர்த்தது எதுவும் இல்லாமல், அச்சு அசலாக.

*சந்தவாசல் சந்தனமே...*

அக்காள் தங்கைக்குப் பாடியதை மருமகள் மாமியாருக்குப் பாடலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஊர் மொத்தமும் அழுதது. நான் நிறுத்தாமல் பாடினேன். வாசலின் அந்தப் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருத்தர் மட்டும், நான் பால் வரைக்கும் வருவதற்கு முன்னால், எழுந்து வெளியே போனார்.